வட்டுவாகலில் எத்தனை பேர்? நந்திக்கடல் கரையின் நிலமும் தலைக்கணக்கும்

2024 டிசம்பரில் நடந்த தொகைமதிப்பின், அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின், எண்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து இலங்கையின் வடக்கிலுள்ள முல்லைத்தீவுக் கரையோரத்தைப் பற்றி ஒரே குழப்பம். ஒருவர் ஒரு எண்ணைச் சொல்கிறார். இன்னொருவர் கச்சேரிக் கணக்கு, அதாவது மாவட்டச் செயலகக் கணக்கு, என்று வேறொன்றைக் காட்டுகிறார். மூன்றாமவர் வாக்காளர் இடாப்பை, அதாவது வாக்காளர் பட்டியலை, எடுத்து வைக்கிறார். மூன்றும் ஒத்துவருவதில்லை. அந்தக் கரையிலுள்ள வட்டுவாகல் என்ற ஊரைத் தேடிப் பார்த்தால் அட்டவணையில் அந்தப் பெயரே இருக்காது.

இதில் யாராவது பொய் சொல்கிறார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. எந்த நிலத்தை, எந்த நாளில், எந்தப் பட்டியலில் எண்ணினார்கள் என்ற மூன்றும் தெரியாமல் இந்தக் கரையின் எந்த எண்ணையும் வாசிக்க முடியாது. முல்லைத்தீவு அடங்கிய வன்னிப் பெருநிலத்தின் வேறு பகுதிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் இந்த மணல் துண்டில், 2009 போரில், எண் பிழையானபோது ஆட்கள் பட்டினி கிடந்தார்கள், செத்தார்கள். ஆகவே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் நிலம்

முல்லைத்தீவு நகரிலிருந்து பரந்தன் வீதியில், அதாவது ஏ35 வீதியில், வடக்கே சில கிலோமீட்டர் போனால் வட்டுவாகல் பாலம் வரும். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய, தாழ்வான பாலம். எதிரில் லொறி வந்தால் இந்தப் பக்கம் நின்று வழிவிட வேண்டும். மாரியில் தண்ணீர் பாலத்தின் மேலேயே பாயும். இடது கைப் பக்கம் விரிந்து கிடப்பது நந்திக்கடல். பெயரில் கடல் இருந்தாலும் அது களப்பு, அதாவது கடலோடு ஒரு வாயால் மட்டும் தொடர்புள்ள ஆழம் குறைந்த உவர்நீர்ப் பரப்பு. வலது கைப் பக்கம் கொஞ்சத் தூரத்தில் அலைச் சத்தம் கேட்கும். அதுதான் கடல்.

களப்புக்கும் கடலுக்கும் இடையில் வடக்கு நோக்கி நீளும் மணல் திட்டில்தான் வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், கரையாமுள்ளிவாய்க்கால், வலைஞர்மடம், மாத்தளன் என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே நகரை ஒட்டி கள்ளப்பாடு, சிலாவத்தை. அதற்கும் கீழே அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய். கொக்கிளாயோடு திருகோணமலை மாவட்ட எல்லை வந்துவிடும்.

இந்தத் திட்டு கல்லும் களியும் கொண்ட நிலம் அல்ல. வாடைக்கால அலை கரையோரமாக இழுத்து வந்து போட்ட மணல், காலப்போக்கில் திரண்டு நிலமானது. அலைப் பக்கம் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. உள்ளே வந்தால் தாழை, பனை, தென்னை. களப்புப் பக்கம் கண்டல், அதாவது உவர்நீரில் வளரும் மரங்கள்.

குடியிருப்பு எங்கே வரும், எங்கே வராது என்பதைத் தீர்மானிப்பது இங்கே தண்ணீர்தான். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழே ஊறியிருக்கும் உப்புநீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீருக்குப் பாரம் குறைவு என்பதால் அப்படி. பொதுக் கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே கிட்டத்தட்ட 40 அடி நன்னீர் இருக்கும். திட்டு அகலமாக இருந்தால் வில்லை தடிக்கும், ஒடுங்கினால் மெலியும். இரண்டு பக்கமும் உப்பு. ஆகவே இங்கே ஆழக் கிணறு தோண்டுவது புத்தியில்லை. மணலில் கொஞ்சமாகத் தோண்டிய பூவலில் நல்ல தண்ணீர் ஊறும். அதே இடத்தில் ஆழமாகக் குழாய் இறக்கி இயந்திரம் போட்டு இழுத்தால் சில நாளில் உவர் ஏறிவிடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு போனது. தப்பியவர்களின் கிணறுகளில் கடல் புகுந்து, நன்னீர் மறுபடி தேறும் வரைக்கும் குடிக்க முடியாமல் கிடந்தது.

இரண்டாவது விஷயம் களப்பின் வாய். முத்தையன்கட்டுக் குளத்தின் பக்கமிருந்து வரும் பேராறு நந்திக்கடலில் விழுகிறது. கோடையில் ஆற்றில் நீர் குறையும், அலை மணலைக் குவித்து வட்டுவாகல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டியதும் களப்பு பொங்கும். அப்புறம் வாய் தானாக உடைக்கும், அல்லது வெட்டிவிடுவார்கள். வாய் திறந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வந்து வளரும். நந்திக்கடல் இறாலுக்கு இருக்கும் பெயர் அந்த உவரும் நன்னீரும் கலந்த தண்ணீரால் வந்தது. எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் வலைகாரருக்கும் ஒரே எண்ணம் இருப்பதில்லை. வெள்ளத்தில் வயல் மூழ்கினால் ஒருவருக்கு நட்டம், வாய் முந்தித் திறந்தால் மற்றவருக்கு நட்டம்.

நிலத்தின் அளவு என்று சொல்லும்போது இதெல்லாம் உள்ளே வருகிறது. முல்லைத்தீவு மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 2,617 சதுர கிலோமீட்டர். இதில் குளங்களும் களப்புகளுமாக 202 சதுர கிலோமீட்டர் தண்ணீர். எஞ்சியது 2,415. எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து அடர்த்தி மாறும்.

## ஊர் வேறு, பிரிவு வேறு

அட்டவணையில் வட்டுவாகல் ஏன் இல்லை? அரசாங்கம் ஊரை எண்ணுவதில்லை, பிரிவை எண்ணுகிறது. படிகள் இப்படி:

1. மாவட்டம். முல்லைத்தீவு 1978 இல் பெரும்பாலும் வவுனியா மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய கணக்குகளில் இந்தக் கரையின் ஆட்கள் வேறு மாவட்டப் பெயரின் கீழ் இருப்பார்கள்.

2. பிரதேச செயலகப் பிரிவு. கரையோரத்தின் பெரும் பகுதி கரைத்துறைப்பற்றில் வருகிறது. வடக்குக் கரையில் ஒரு பகுதி புதுக்குடியிருப்பில்.

3. கிராம அலுவலர் பிரிவு. இதுதான் மிகச் சிறிய நிர்வாக அலகு. ஊரில் இன்னும் ஜீ.எஸ் பிரிவு என்பார்கள், வயதானவர்கள் விதானை பிரிவு என்பார்கள். வட்டுவாகல் முள்ளிவாய்க்கால் கிழக்கு என்ற பிரிவுக்குள் அடங்குகிறது. ஆகவே வட்டுவாகல்காரர் எல்லோரும் அட்டவணையில் முள்ளிவாய்க்கால் கிழக்கில் இருக்கிறார்கள். காணாமல் போகவில்லை.

4. உள்ளூராட்சி வட்டாரம். கரைத்துறைப்பற்றுப் பிரதேச சபைத் தேர்தலுக்கான பிரிப்பு இது. கிராம அலுவலர் பிரிவோடு எப்போதும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கள்ளப்பாடு, வட்டுவாகல் போன்றவற்றை நாம் நகரை ஒட்டிய புறநகர் என்று பேசுகிறோம். புள்ளிவிபரத்தில் அப்படி ஒன்று கிடையாது. இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்களைத்தான் நகர மக்கள் என்று எண்ணுகிறார்கள். முல்லைத்தீவில் இரண்டும் இல்லை, பிரதேச சபைகள் மட்டுமே. கச்சேரி, மாவட்ட வைத்தியசாலை, நீதிமன்றம், பேருந்து நிலையம் எல்லாம் உள்ள முல்லைத்தீவு நகரில் வாழ்பவரும் தொகைமதிப்பில் கிராமவாசிதான். நகரே இல்லாதபோது புறநகர் எங்கிருந்து வரும்? இந்த வரையறையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. குடிநீர்க் குழாய், கழிவுநீர், வீதி விளக்கு என்று நெருக்கமாக வாழும் இடத்துக்குத் தேவையான ஒவ்வொன்றுக்கும் வாதாடும்போது இந்தச் சொல் குறுக்கே நிற்கிறது.

## மூன்று பட்டியல், மூன்று விடை

தொகைமதிப்பு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் எடுப்பது. முன்பெல்லாம், 1981 வரைக்கும், அந்த இரவில் யார் எங்கே இருந்தாரோ அங்கே எண்ணினார்கள். இப்போது வழமையாக வாழும் இடத்தில் எண்ணுகிறார்கள். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் நந்திக்கடலின் மேற்குக் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலை நினைத்துப் பாருங்கள். வைகாசிப் பொங்கல் இரவில், உப்புநீரில் விளக்கெரியும் அந்தக் கோயிலுக்கு வன்னி முழுவதும் திரண்டு வரும். அந்த இரவில் இருந்தவரை இருந்த இடத்தில் எண்ணினால் வற்றாப்பளை பெரும் பட்டணம் ஆகிவிடும்.

மீன்பிடிப் பருவத்துக்கும் இது பொருந்தும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், பங்குனி, சித்திரை தொடங்கி புரட்டாதி அளவு வரை, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தங்குகிறார்கள். அவர்களின் வழமையான வதிவிடம் வேறு. டிசம்பரில் எடுத்த 2024 கணக்கில் அவர்கள் இங்கே வரமாட்டார்கள். ஆனால் கரைவலைப் பாட்டுக்கான, அதாவது வலை இழுக்கும் இடத்துக்கான, போட்டி அந்த ஆறேழு மாதமும் நிஜமாகவே நடக்கிறது. சட்டவிரோதத் தொழில், உழவு இயந்திரம் கட்டிக் கரைவலை இழுப்பது என்று உள்ளூர் மீனவர்கள் முறையிடும்போது, "உங்கள் பகுதியில் இத்தனை மீனவர்தானே" என்று மாரிகாலத்து எண்ணைக் காட்டுவது நியாயமில்லை.

கச்சேரிக் கணக்கு. கிராம அலுவலர்கள் தங்கள் பிரிவில் பதிந்துள்ள குடும்பங்களைத் தொகுத்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும் அனுப்புவது. இங்கே அலகு குடும்பம். ஒரு கூரையின் கீழ் பெற்றோரும், கல்யாணம் கட்டிய மகனும் தனித்தனிக் குடும்பமாகப் பதிந்திருப்பார்கள். தொகைமதிப்பில் அவர்கள் ஒரே அடுப்பில் சமைத்தால் ஒரே வீட்டார். அதோடு, வேலைக்காகக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனவரின் பெயர் உடனே வெட்டப்படுவதில்லை. ஆகவே இந்தக் கணக்கு பெரும்பாலும் தொகைமதிப்பைவிடக் கூடுதலாக நிற்கும்.

வாக்காளர் இடாப்பு. 18 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும். பிள்ளைகள் கிடையாது. போரால் இடம்பெயர்ந்தவர்களில் சிலர் பழைய ஊரிலேயே பதிந்திருக்கிறார்கள், சிலர் வந்த இடத்தில். இதை மக்கள் தொகையாக எடுக்கவே கூடாது. ஆனால் பாராளுமன்ற ஆசனங்கள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படுகின்றன. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். யாழ்ப்பாணம் 2010 இல் 9 ஆக இருந்து, 2015 இல் 7 ஆகி, 2024 இல் 6 ஆனது. இடாப்பில் பெயர் குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

## 31 வருட இடைவெளி

முல்லைத்தீவில் 1981 மார்ச்சில் எண்ணினார்கள். அடுத்ததாக ஒழுங்காக எண்ணியது 2012 மார்ச்சில். 1991 இல் நாட்டிலேயே தொகைமதிப்பு நடக்கவில்லை. 2001 இல் நடந்தது, முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் நடக்கவில்லை.

1981 இல் 77,189 பேர். 2012 இல் 92,238 பேர். ஏறக்குறைய 19 வீத வளர்ச்சி என்று தோன்றும். அதே காலத்தில் நாடு ஏறக்குறைய 37 வீதம் வளர்ந்தது. சரி, பாதி வேகம் என்று எழுதிவிட்டுப் போகலாமா? முடியாது. இரண்டு எண்களுக்கும் நடுவில் என்னென்ன கிடக்கின்றன என்று பாருங்கள்.

1984 இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு மக்கள் விரட்டப்பட்டார்கள். பலர் கால் நூற்றாண்டுக்கு மேல் திரும்ப முடியவில்லை. 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பல்லாயிரம் பேரில் அவர்களும் சேர்த்தி. 1995 இன் பின் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையானோர் வன்னிக்குள் வந்தார்கள். ஆழிப்பேரலை வந்தது. 2009 இல் போரின் கடைசிக் கட்டம் வந்தது. மணலாறு, அதாவது வெலிஓயாப் பிரிவு, இப்போது மாவட்டக் கணக்கில் சேர்கிறது. ஆகவே 1981 இன் முல்லைத்தீவும் 2012 இன் முல்லைத்தீவும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு கணக்குகள்.

2012 மார்ச் என்ற நாளையும் கவனிக்க வேண்டும். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். கடைசியாக வெளியேறியவர்களில் நந்திக்கடலின் மேற்குக் கரையிலுள்ள கேப்பாப்பிலவு மக்கள் இருந்தார்கள். அவர்களும் சொந்த ஊருக்குப் போகவில்லை, சீனியாமோட்டையில் மாதிரிக் கிராமம் என்ற பெயரில் குடியமர்த்தப்பட்டார்கள். அதாவது எண்ணிய நாளில் இந்தக் கரையின் ஆட்களில் ஒரு பகுதி இந்தக் கரையில் இல்லை. 2012 ஐ அடியாக வைத்து 2024 இன் வளர்ச்சியைச் சொல்லும் எவரும் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரும்பி வந்தவர்களைப் புதிதாகப் பெருகியவர்களாகக் காட்டுவது பிழை.

## சராசரி மறைப்பது

2012 கணக்கில் முல்லைத்தீவின் அடர்த்தி நிலப்பரப்பின் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 38 பேர். நாட்டின் சராசரி 325. இதைப் பார்த்துவிட்டு "அங்கே காணி நிறையச் சும்மா கிடக்கிறது" என்று பேசுகிறார்கள். மாவட்டத்தின் பெரும் பகுதி காடும் குளமும். ஆட்கள் வீதியோரமும் குளத்தடியும் கரையோரமுமாக நெருங்கி இருக்கிறார்கள். கரையில் குடியிருக்கக்கூடிய நிலம் என்னவென்று கணக்குப் பார்க்க, கழிக்க வேண்டியவை நிறைய:

1. வட்டுவாகலில் கடற்படை முகாமுக்குள் இருக்கும் நிலம். 600 ஏக்கருக்கு மேல். அதில் உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணிகளும் உண்டு. நில அளவைக்கு ஆட்கள் வரும்போதெல்லாம் காணிக்காரர்கள் திரண்டு மறித்திருக்கிறார்கள்.

2. 2017 ஜனவரியில் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது, 4,100 ஹெக்டேயருக்கு மேல். பறவைக்கும் கண்டலுக்கும் பாதுகாப்பு வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இடம்பெயர்ந்த மக்கள் முழுதாகத் திரும்பி முடியாத காலத்தில் எல்லைக்கல் போட்டால், பழைய மேய்ச்சல் தரவையும் தோணித்துறையும் உள்ளே போய்விட்டன என்ற முறைப்பாடு வரத்தான் செய்யும்.

3. உவர் ஏறிய நிலம், மாரியில் மூழ்கும் நிலம், அலை அரிக்கும் கரை.

இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சும் ஒடுங்கிய துண்டில் ஆட்களை வகுத்தால் 38 என்ற எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. 2025 செப்டம்பரில் புதிய வட்டுவாகல் பாலத்துக்கான வேலை தொடங்கி வைக்கப்பட்டது. பாலம் அகன்றால் காணி விலை ஏறும், வடக்குப் பக்கத்தில் வீடுகள் கூடும். தண்ணீர் வில்லை மட்டும் தடிக்காது. குழாய்நீர் வராமல் ஆட்கள் கூடினால் பூவல்கள் உவராகும்.

## எண் குறைந்தபோது நடந்தது

விடுதலைப் புலிகளுடனான போரின் கடைசிக் கட்டத்தில், 2009 பெப்ரவரி 12 இல், அரசாங்கம் இந்தக் கரையையே பொதுமக்களுக்கான பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. மாத்தளன் தொடங்கித் தெற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளம், பரப்பு சுமார் 14 சதுர கிலோமீட்டர். உள்ளே எத்தனை பேர்? சுமார் 70,000 என்றது கொழும்பு. அங்கேயே இருந்து வேலை செய்த அரச அதிகாரிகள் அனுப்பிய கணக்கு 330,000 அளவில் இருந்தது. உணவும் மருந்தும் கப்பலில் வந்தன, எவ்வளவு அனுப்புவது என்பதை எண்தான் முடிவு செய்தது. 70,000 பேருக்கான சாப்பாட்டை மூன்று இலட்சம் பேர் எப்படிப் பங்கிடுவது? மயக்க மருந்து இல்லாமல் சத்திரசிகிச்சை செய்தார்கள். கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் மேல் எறிகணை விழுந்தது. முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிக் கொடுப்பது அந்தப் பசியின் நினைவாகத்தான்.

ஏப்ரல் இறுதியில் ஐக்கிய நாடுகளின் மதிப்பீடு உள்ளே 127,177 பேர் என்றது. அதே நேரத்தில் அரசாங்கம் சொன்னது 10,000. முழு 14 சதுர கிலோமீட்டரும் அப்போது அவர்களுக்கு இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், சதுர கிலோமீட்டருக்கு 9,000 பேர். கொழும்பு மாவட்டத்தில் 2012 இல் 3,400 சொச்சம். உண்மையில் அந்த நாளில் நிலம் அதைவிட மிகச் சுருங்கியிருந்தது. பூவல் தோண்டிக் குடிக்கும் மணலில் அத்தனை பேர்.

மே 18 அன்று போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட நாட்களில் மக்கள் வெளியே வந்த வழிகளில் ஒன்று வட்டுவாகல் பாலம். அங்கே தங்கள் உறவினரை இராணுவத்திடம் கையளித்ததாகப் பல குடும்பங்கள் சாட்சியம் சொல்லியிருக்கின்றன. 2017 முதல் முல்லைத்தீவில் அவர்கள் தொடர் போராட்டம் நடத்துகிறார்கள். 2011 இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது.

அதே வருடம் ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் 429,059 பேர். 2009 ஜூலையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாக ஐ.நா. பதிந்தது 282,380 பேர். வித்தியாசம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று விளக்குங்கள் என்றார்.

இத்தனை பேரும் இறந்தார்கள் என்று அந்த எண்ணை வாசிக்கக் கூடாது. ஆயரும் அப்படிச் சொல்லவில்லை. நிவாரணத்துக்காகக் கச்சேரிக் கணக்கு கூட்டப்பட்டது என்பது அரச தரப்பின் வாதம். குடும்பப் பதிவில் போனவர் பெயர் நிற்கும் என்று மேலே பார்த்தோம், ஆகவே கொஞ்சம் கூடியிருக்க இடமுண்டு. எவ்வளவு கூடியது என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது: முள்ளிவாய்க்கால் கிழக்கு, முள்ளிவாய்க்கால் மேற்கு, மாத்தளன், கேப்பாப்பிலவு என்று கிராம அலுவலர் பிரிவு பிரிவாக 2008 பெயர்ப்பட்டியலையும் முகாம் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பெயருக்குப் பெயர் ஒப்பிடுவது. கூட்டிச் சொன்னார்கள் என்று வாதிடுகிற அரசுதான் அந்த ஒப்பீட்டைச் செய்து வெளியிட வேண்டும்.